மகாபலிபுரத்தில் மேட்ரிக்ஸ் படித்தது

மேட்ரிக்ஸ் என்ற சனியனை எங்கள் பாடத்திட்டத்தில் கொண்டுவந்து நுழைத்த மகானுபாவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். எங்களுக்கு முந்தின வருஷத்துப் பையன்கள் வரைக்கும் இன்ஜினீயரிங் காலேஜில் இரண்டாம் வருஷக் கணக்கு என்றால் கால்குலஸ், கொஞ்சம் டிடர்மினன்ட், அதோடு விட்டது. நாங்கள் போய் உட்கார்ந்த வருஷம் பார்த்து யாருக்கோ ஞானோதயம் பிறந்துவிட்டது. எண்களைக் கட்டம் கட்டி அடுக்கு, அந்த அடுக்கையே ஓர் எண் மாதிரி கூட்டு, கழி, பெருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

பாடம் எடுத்தவருக்கும் அது புதுசுதான். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சீமையிலிருந்து வந்த புத்தகத்தை இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அதில் இருப்பதை அப்படியே கரும்பலகைக்கு மாற்றுவார். பெருக்கும்போது முதல் கட்டத்தில் படுக்கை வரிசையை எடுக்க வேண்டும், இரண்டாம் கட்டத்தில் நெட்டு வரிசையை எடுக்க வேண்டும். ஏன் சார் அப்படி என்று ஒருவன் கேட்டான். அதுதான் டெஃபனிஷன் என்றார். சரி, ஏ என்ற கட்டத்தைப் பி என்ற கட்டத்தால் பெருக்கினால் ஒரு விடை, பியை ஏயால் பெருக்கினால் வேறு விடை வருகிறதே, இதில் எது சார் சரி என்று நான் கேட்டேன். இரண்டும் சரி என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டும் சரியாம். அந்த ஒரு பதிலோடு எனக்கும் அந்தப் பாடத்துக்கும் இருந்த உறவு முறிந்துபோயிற்று. ஏப்ரல் பரீட்சையில் அது என்னைக் குப்புறத் தள்ளியது.

விழுந்தவன் நான் மட்டுமல்ல. செங்கல்பட்டு ரயில்வே லைன் வீடுகளிலிருந்து வந்து என்னோடு படித்த ஒருவனும் விழுந்தான். ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறை அவனுக்கு. வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். அவன் தாத்தா காலம்வரை வேடந்தாங்கல் பக்கம் யாருடைய நிலத்திலோ கூலிக்கு உழுதவர்கள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங் கூலி. குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன்தான். என்னை 'அய்யரே' என்றுதான் கூப்பிடுவான். அதில் பாதி சிநேகம், பாதி நக்கல்.

செப்டம்பரில் மறுபடி எழுதலாம். அதில் தேறினால் மூன்றாம் வருஷம், இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரல் வரைக்கும் வீட்டில் உட்கார வேண்டும், ஹாஸ்டலிலும் இடம் கிடையாது. எனக்கு அது ஒரு வருஷம் வீண், அப்பாவின் முகத்தில் தினமும் விழிக்கிற அவஸ்தை, அவ்வளவுதான். அவனுக்கு அப்படியில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு செய்துகொடுத்த உதவித்தொகையில்தான் அவன் படித்தான். செப்டம்பரிலும் தவறினால் அது நின்றுவிடும். அவன் அப்பா அதற்குள் ரயில்வே லைன் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவைத்துவிட்டார். பரீட்சை போனால் அவனும் கேங்கில் சேர்ந்து சம்மட்டி தூக்க வேண்டியதுதான். அவன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில், மலையடிவாரத்துக் கோயில் தெருவில் இருந்தது. அப்பா ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் பிள்ளை கணக்கில் ஃபெயில் என்ற செய்தி ஊரைச் சுற்றி வருவதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. புத்தகத்தைக் கொண்டா என்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு, மூணு நாலும் பன்னிரண்டு, நாலு மூணும் பன்னிரண்டு, இதை மாற்றுவதற்கு இவன் யார் என்று கேட்டார். அந்தப் புத்தகத்தை எழுதினவனே நான்தான் என்பது போல என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் என்று சொல்லியிருக்கலாம்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் படிக்கவும் முடியாது. எங்கள் ஊர் மலை உச்சியில் தினமும் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரம் வைக்கிற சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். அதைப் பார்க்க ஜனங்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களுக்கு உறவு. உறவு இல்லாதவர்களும் எங்கள் வாசலுக்கு வந்ததும் உறவாகிவிடுவார்கள். அம்மா காபி கலந்து கொடுத்துவிட்டு, பையன் சும்மாத்தான் இருக்கான், மேலே கூட்டிண்டு போவான் என்பாள். நான் சும்மா இருக்கிறேனாம்! வெயிலில் படி ஏறி, யாரோ மாமியின் செருப்பையும் யாரோ குழந்தையையும் தூக்கிக்கொண்டு, கழுகு எந்தத் திசையிலிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பேன். இறங்கி வந்து புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கும். அந்தக் கழுகுகள் ஒருநாள் வராமல் இருந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு.

செங்கல்பட்டில் அவன் வீட்டிலோ ஒரே அறை, தம்பி தங்கைகள், பக்கத்திலேயே இன்ஜின் சத்தம். அதனால் முதலில் எங்கள் வீட்டிலேயே சேர்ந்து படிக்கலாம் என்று நான்தான் வரச் சொன்னேன். வந்தான். வாசலைத் தாண்டினதும் இருக்கிற ரேழியில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். அம்மா முகம் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அப்பா உள்கூடத்தில் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவன் கிளம்பிப் போனான். குடையை மறந்துவிட்டான் போலிருக்கிறது, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். அம்மா அதற்குள் ரேழியில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி, விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாசலில் நின்றான். தண்ணீர் படியில் இறங்கி அவன் கால்வரைக்கும் வந்தது. அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிற்கிற இடம்வரைக்கும் கூடவே நடந்தேன். பஸ் வந்த பிறகுதான், "அடுத்த வாட்டி வேற எடம் பாரு, அய்யரே" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குதிகுதி என்று குதித்தேன். அவள், நான் அவனை ஒரு வார்த்தை சொன்னேனா, என் வீட்டை நான் அலம்பக் கூடாதா என்று கேட்டாள். அவளோடு வாதம் செய்து ஜெயித்தவன் அந்தத் தெருவில் ஒருவன்கூட இல்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரில் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு எல்லார்மீதும் வெறுப்பாக இருந்தது.

அப்படித்தான் மகாபலிபுரம் போக ஆரம்பித்தோம். அவன் செங்கல்பட்டில் பஸ் ஏறுவான், நான் எங்கள் ஊரில் ஏறிக்கொள்வேன். அங்கே போய்க் குன்றின் பின்பக்கம், ஆள் அதிகம் வராத ஒரு குகை மண்டபத்தில் உட்காருவோம். கல் தரை ஜில்லென்று இருக்கும், கடல்காற்று வரும். அப்பாவின் சாக்பீஸ் டப்பாவிலிருந்து எடுத்து வந்த துண்டுகளால் தரையிலேயே கணக்குப் போடுவோம். தாளில் எழுதினால், ஒரு கட்டத்து எண்களையெல்லாம் பெருக்கிக் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்குகிற டிடர்மினன்டை விரித்து முடிப்பதற்குள் இடம் போதாது. தரை என்றால் தாராளமாக எழுதலாம், அழிக்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். காவல்காரர் ஒருவர் வந்து இது கவர்மெண்ட் பாறை என்று சத்தம் போட்டார். எழுதினதைக் கழுவிவிட்டுத்தான் போவோம் என்று சத்தியம் பண்ணின பிறகு விட்டார்.

அவனுக்குக் கணக்கு கையில் வந்தது. படுக்கை வரிசையில் இடது கை விரல் நடக்கும், நெட்டு வரிசையில் வலது கை விரல் இறங்கும், வாய் முணுமுணுக்கும், விடை வந்துவிடும். ஏன் அப்படிப் பெருக்க வேண்டும் என்று அவன் கேட்பதே இல்லை. எனக்கு அது தாங்காது. ஏண்டா, உனக்கு ஏன் என்று தெரிய வேண்டாமா என்று பிடுங்கி எடுப்பேன். கேள்வி கேட்டவங்கல்லாம் ஏப்ரல்ல பாஸாயிட்டாங்களா என்று திருப்பிக் கேட்பான். ஆனால் நிரூபி, விளக்கு என்று இங்கிலீஷில் பத்தி பத்தியாக எழுத வேண்டிய கேள்விகளில் அவன் திணறுவான். அதை நான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு நிரூபணம் வரும், கூட்டல் கழித்தல் அடையாளத்தில் கோட்டைவிடுவேன். டிடர்மினன்டை விரிக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று மைனஸ் போட வேண்டும். அந்த மைனஸ் எனக்கென்றே ஒளிந்துகொள்ளும். அவன் விரலால் சுட்டிக் காட்டுவான், நான் சாக்பீஸை வீசி எறிவேன், அவன் எழுந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவான்.

ஒருநாள் புழுக்கம் தாங்காமல் நான் சட்டையைக் கழற்றி வைத்திருந்தேன். மார்பில் பூணூல் தெரிந்தது. அவன் தரையில் நாலு வரிசை எண்களைக் கட்டமாக எழுதி, இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு போட்டு முடித்தான். அந்த நேரம் பார்த்து, எங்கள் ஊரில் கழுகு பார்த்துவிட்டு மகாபலிபுரம் வந்த ஒரு கிராமத்துக் கும்பல் மண்டபத்துக்குள் நுழைந்தது. கட்டத்தைப் பார்த்ததும் பேச்சு அடங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி மடியிலிருந்து வாழைப்பழம் இரண்டை எடுத்து டிடர்மினன்டின் தலைமாட்டில் வைத்தாள்.

கட்டம், உள்ளே எண்கள், பக்கத்தில் பூணூல் போட்ட ஒருத்தன். மந்திர யந்திரம் எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இது காலேஜ் கணக்கம்மா என்றேன். அந்தப் பெண், பெரியவங்க அப்படித்தான் மறைச்சுச் சொல்வாங்க என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அவள் பெண்ணுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லையாம். தாயத்துக்குள் வைக்க ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை என் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். எழுதினவனைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, சாமிக்குக் காத்து வரட்டும் என்றாள்.

எனக்கு அழுகை வரும்போல ஆத்திரம் வந்தது. பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது, பாதிப் புத்தகம் பாக்கி. அதோடு, ஒரு அடையாளத்தைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத நான் சாமி, அத்தனை எண்ணையும் எழுதினவன் காற்றை மறைக்கிறான். எழுதினது அவன்தாம்மா என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் தள்ளி உட்கார்ந்தான். ஒரு காகிதத்தைக் கிழித்து, மூலைவாட்டில் வரிசையாக ஒன்று, மற்ற இடமெல்லாம் பூஜ்யம் என்று எழுதி என்னிடம் நீட்டினான். "யூனிட் மேட்ரிக்ஸ் அய்யரே. இத எத்தோட பெருக்கினாலும் அது அதுவாவே கீது. யாருக்கும் ஒரு கெடுதியும் இல்ல. நீயே குடுத்துடு, நான் குடுத்தா வாங்க மாட்டாங்க" என்றான்.

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். கும்பல் போன பிறகு அவன் ஒரு பழத்தை உரித்துத் தின்றான், இன்னொன்றை என்னிடம் தள்ளினான். நான் அன்று முழுக்க உர்ரென்று இருந்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான், அவன் சிரித்தான்கூட. எனக்கு முடியவில்லை.

செப்டம்பர் பரீட்சைக்குச் செங்கல்பட்டிலிருந்து ஒரே ரயிலில் பட்டணத்துக் காலேஜுக்குப் போனோம். அவன் வழியெல்லாம் சீழ்க்கை அடித்துக்கொண்டு வந்தான்.

கேள்வித்தாள் மோசமில்லை. முதலிலேயே ஒரு பெரிய கேள்வி. மூன்று சமன்பாடுகள், டிடர்மினன்ட் மூலம் தீர்வு காண்க. விரித்தேன். பூஜ்யம் வந்தது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது, அப்படியானால் எங்கேயோ கை தப்பியிருக்கிறது. கணக்கு என்றால் ஒரே விடை, விடை வராவிட்டால் திரும்பப் போடு என்பது எங்கள் அப்பா எனக்குப் பாலோடு ஊட்டிய பாடம். திரும்பப் போட்டேன். பூஜ்யம். எந்த மைனஸைக் கோட்டைவிட்டேன் என்று தேடினேன். இரண்டாம் வரிசையை எடுத்து விரித்தேன், மூன்றாம் வரிசையை எடுத்து விரித்தேன். எப்படிப் போட்டாலும் அந்தப் பாழாய்ப்போன பூஜ்யம்தான் வந்து நின்றது. தலை நிமிர்ந்தபோது பாதி நேரம் போய்விட்டிருந்தது. மிச்சக் கேள்விகளை என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்து, முதல் கேள்விக்கு உனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். பூஜ்யம் என்றான். அப்புறம் என்ன பண்ணினாய் என்றேன். மற்ற டிடர்மினன்டுகளும் பூஜ்யம்தான் என்று பார்த்துக்கொண்டு, ஒரே விடை கிடையாது, எண்ணில்லாத விடை உண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டானாம். பூஜ்யம்னா பூஜ்யம்தானே, அதுல இன்னா கீது என்றான். ஏன் என்று கேட்காத புண்ணியம். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரிசல்ட் வந்தபோது நான் பட்டணம் போகவில்லை. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? அவன்தான் போனான். திரும்பும்போது செங்கல்பட்டில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், பஸ் ஏறி நேரே எங்கள் தெருவுக்கு வந்தான். அந்தக் குடை விஷயத்துக்குப் பிறகு அவன் அங்கே வந்தது அன்றைக்குத்தான். வீட்டை ஒட்டி வராமல் தெருவின் நடுவில் நின்று என்னைக் கூப்பிட்டான். முகத்தைப் பார்த்ததும் அவன் தேறிவிட்டான் என்று தெரிந்தது. சம்மட்டி இல்லை. என் வயிறு எரிந்தது, அது உண்மை. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்தது, அதுவும் உண்மை.

எனக்குப் பின்னாலேயே அப்பா வந்துவிட்டார். நீ பாஸா என்று அவனைக் கேட்டார். அவன் தலையை ஆட்டினான். இவன் என்று என்னைக் காட்டினார். அவன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். இல்ல சார் என்றான்.

அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பது புடவைத் தலைப்பில் தெரிந்தது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை ஊருக்கு வருவியோல்லியோ? இங்கே வந்து இவனுக்குச் சொல்லிக் கொடுப்பா. உள்ளேயே உட்காரலாம்" என்றார். அவர் அந்தக் குரலில் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அவன் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

"இல்ல சார். அவன எங்க வூட்டுக்கு அனுப்புங்க. எங்கம்மா ஒண்ணும் நெனைச்சிக்காது."

சொல்லிவிட்டுக் கும்பிட்டான், திரும்பி நடந்தான். புடவைத் தலைப்பு உள்ளே போய்விட்டது. அப்பா அவன் தெருமுனை திரும்புகிறவரை நின்றுகொண்டிருந்தார். அன்று ராத்திரியும் மறுநாளும், அவன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி ஒரு சண்டை போடுவதற்கு நான் தயாராக இருந்தேன், ஆனால் சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அப்பாவே வந்து என்னை உலுக்கினார். எழுந்திரு, செங்கல்பட்டுக்கு முதல் பஸ் போய்விடும் என்றார். நான் குளித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரைக்கும் கூடவே வந்தார்.

"அவாத்துல என்ன கொடுத்தாலும் சாப்பிடு. வேண்டாம்னு சொல்லிடாதே" என்றார். சமையலறையில் இருப்பவளுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார்.